அந்தப் பலகையைக் கழற்றிவிடுங்கள்

அயல்மொழிப் பாடத்திட்டம் வகுக்கும், பாடநூல் எழுதும், வகுப்பு நடத்தும் பெருமக்களுக்கு,

வணக்கம்.

31 வயதில் ஜப்பானிய மொழி படிக்கப் போனேன். அலுவலகத்தில் ஓர் இடம் காலியானது, மொழி தெரிந்தவருக்குத்தான் அது என்றார்கள், அவ்வளவுதான் காரணம். நான் சேர்ந்த வகுப்பின் கதவில் ஒரு பலகை தொங்கியது. 'உள்ளே தாய்மொழி பேசக் கூடாது.' தமிழில் ஒரு சொல் வாய்தவறி வந்துவிட்டால் மேசைமேல் இருந்த உண்டியலில் காசு போட வேண்டும். பாடநூல் இருந்தது ஆங்கிலத்தில். ஆசிரியர் விளக்கம் சொன்னது ஆங்கிலத்தில். வீட்டுப்பாடத்தை மொழிபெயர்த்து வரச் சொன்னதும் ஆங்கிலத்தில்தான். அதற்கெல்லாம் உண்டியல் கிடையாது.

அந்த உண்டியலில் என் காசு கணிசமாகவே விழுந்திருக்கிறது. அதைத் திருப்பிக் கேட்டு இந்த மடலை எழுதவில்லை. மொழி கற்க வருகிறவரின் வாழ்க்கையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பது உங்கள் பாடத்திட்டத்தில் எங்குமே இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

படித்தேன், தேர்வில் தேறினேன், அந்த இடமும் கிடைத்தது. மூன்றாவது மாதம் ஒரு தொலைபேசிக் கூட்டம். எங்கள் பக்கம் நான்கு பேர், அந்தப் பக்கம் ஒருவர். வேலையில் செய்யவேண்டிய ஒரு மாற்றத்தை எங்கள் குழுத் தலைவர் விளக்க விளக்க, நான் ஜப்பானிய மொழியில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் அவர் 'ஹை' என்றார். சில இடங்களில் 'ஹை, ஹை' என்று இரண்டு தடவை. 'ஹை' என்றால் ஆமாம் என்று பாடநூலின் முதல் பாடத்திலேயே போட்டிருந்தது. தொலைபேசியை வைத்ததும் "ஒத்துக்கிட்டார்" என்றேன். வேலையைத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல், மிகப் பணிவான ஒரே ஒரு கேள்வியோடு: இந்த மாற்றத்துக்கு யார் அனுமதி கொடுத்தது?

அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. உம் கொட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்.

எனக்கு வந்த கோபம் முழுக்க என் மேல்தான். உம் கொட்டுவது என்றால் என்னவென்று தெரியாமலா வளர்ந்தேன்? கதை கேட்கும் பிள்ளை உம் கொட்டுவதை நிறுத்தினால் கதையும் நின்றுவிடும். தொலைபேசியில் அம்மா பத்து நிமிடம் பேசினால் அதில் நாற்பது 'ம்' போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் "இருக்கியா?" என்று கேட்பார். அந்த நாற்பது 'ம்'மில் ஒன்றுகூடச் சம்மதம் ஆகாது என்பது அம்மாவுக்கும் தெரியும். ஜப்பானிய மொழியிலும் அப்படியே. அதற்கு 'அய்ஸுச்சி' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். 'ஸுச்சி' என்றால் சம்மட்டி. பட்டறையில் இரண்டு கொல்லர்கள் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி அடிப்பார்களே, அந்த எதிரடிக்கு உரிய சொல் அது. நாம் 'கொட்டுகிறோம்', முரசு கொட்டு, கைகொட்டு என்பதில் வரும் அதே கொட்டு என்றுதான் என் காதுக்குப் படுகிறது. இரண்டு மொழியும் ஒரே செயலுக்கு ஒரே மாதிரி தட்டியிருக்கின்றன. 'ஹை = உம்' என்று யாராவது ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் எனக்கு ஆயுளுக்கும் மறந்திருக்காது. சொல்லவிடாமல் கதவில் பலகை தொங்கியது.

அன்று இரவு பாடநூலை எடுத்து வைத்துக்கொண்டு முதல் பாடத்திலிருந்து ஓரத்தில் தமிழில் எழுத ஆரம்பித்தேன். பல மாதம் நடந்தது அந்த வேலை. என் வாழ்க்கை திரும்பிய இடம் எது என்று கேட்டால், தேர்வுச் சான்றிதழைவிட அந்த ஓரக் குறிப்புகளைத்தான் சொல்வேன்.

'கைதெ மிரு' என்று ஒரு தொடர். 'முயன்று பார்த்தலைக் குறிக்கும் வடிவம்' என்று தலைப்பிட்டு ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் விளக்கம், கீழே பன்னிரண்டு பயிற்சிகள். 'கைதெ' என்றால் எழுதி, 'மிரு' என்றால் பார். எழுதிப் பார். முடிந்தது பாடம். அடுத்து 'ஷிதெ ஒகு', 'முன்னேற்பாடாகச் செய்தலைக் குறிக்கும் வடிவம்'. ஒகு என்றால் வை. செய்து வை. அடுத்து 'வஸுரெதெ ஷிமத்தா': வருத்தத்தையும் முடிவுற்ற நிலையையும் ஒருங்கே காட்டும் வடிவமாம். மறந்துவிட்டேன்! அந்த 'விட்டேன்'இல் இருக்கும் ஐயோ-வும் சேர்ந்தே அதில் இருக்கிறது. "புரியலையா?" என்றால் "ஆமா, புரியல" என்போம். ஜப்பானியரும் 'ஆமாம், புரியவில்லை' என்றே சொல்வார்கள். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் 'இல்லை' வர வேண்டும். எனக்கு இயல்பாக வந்த விடையை முதலில் ஆங்கில வழக்குக்கு மாற்றி, பிறகு அதை ஜப்பானிய வழக்குக்குத் திருப்பி, வகுப்பில் தப்பாகச் சொல்லி, திட்டும் வாங்கியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றியவள் நான்.

இரண்டு மொழிக்கும் இரத்த உறவு உண்டு என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் நெடுங்காலம் எழுதினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. எனக்கும் அந்த வழக்கில் கட்சி கிடையாது. உறவு இல்லாத இருவர் ஒரே நடை நடக்கலாம். கற்கிறவருக்கு அது போதும்.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. தன் அலுவலர்கள் வேலைக்குப் போதுமான அளவு ஜப்பானிய மொழி கற்க 2,200 வகுப்பு மணி நேரம். தமிழுக்கு 1,100. ஸ்பானிய மொழிக்கு அதிலும் வெகுவாகக் குறைவு. அவர்கள் வைத்திருக்கும் கணக்கு நேர்மையானது. ஆங்கிலம் பேசுகிறவருக்கான கணக்கு என்று சொல்லியே வைத்திருக்கிறார்கள். நீங்கள்தான் அந்தக் கணக்கில் உருவான பாடநூல்களை எல்லோர் தலையிலும் கட்டுகிறீர்கள். ஆங்கிலேயர் தடுக்கி விழும் இடத்தில் நமக்கும் இருபது பயிற்சி. நாம் விழும் இடத்தில் ஒரு வரிகூட இல்லை. சீனத்திலிருந்து வந்த கன்ஜி எழுத்துகளில் மட்டும் அவர்களுக்கும் சலுகை கிடையாது, நமக்கும் கிடையாது: 2010-இல் திருத்திய பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 எழுத்துகள், ஒவ்வொன்றையும் கையால் எழுதி எழுதித்தான் ஏற்ற வேண்டும். எனக்கு அது இரண்டு வருடம். இன்றைக்கும் பத்தில் ஒன்று மறக்கிறது.

நாம் விழும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். தமிழ் வினைச்சொல்லின் வாலில் ஆள் ஒட்டிக்கொண்டிருக்கும். செய்வேன், செய்வோம், செய்வீர்கள், செய்வார்கள். ஜப்பானிய வினையில் வால் கிடையாது. 'யாரிமாஸ்' என்றால் செய்வது மட்டும்தான் தெரியும், யார் செய்வது என்பது பேச்சுப் போக்கில் புரிந்துகொள்ள வேண்டியது. எழுவாயையும் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். ஆங்கிலத்துக்கு மாற்றுகிறவருக்கும் இதே சங்கடம் உண்டு. நமக்கு அதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது. ஒரு கூட்டத்தில் எதிர்த்தரப்பு 'வதஷிதாச்சி' என்று சொன்னது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் தாண்டிப் போய்விடலாம். தமிழில் நான் நின்றாக வேண்டும்: நாமா, நாங்களா? 'நாங்கள் சரிசெய்கிறோம்' என்றால் செலவு அவர்களுடையது. 'நாம் சரிசெய்வோம்' என்றால் பாதி எங்கள் தலையில். மேசையைச் சுற்றி எட்டுப் பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டு, மன்னிக்கவும், இதைச் செய்யப்போவது யார் யார் என்று கேட்டேன். அரை நிமிடம் அமைதி. அந்தக் கேள்வியை அதுவரை இரு தரப்பும் கேட்டுக்கொள்ளவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்தப் பழக்கம் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. தமிழிலும் வால் இல்லாத வினைகள் இருக்கின்றன, கவனித்ததுண்டா? "அதைப் பார்க்கணும்." "இதுக்கு ஒரு வழி பண்ணணும்." "பார்த்துக்கலாம்." யார் பார்க்கணும்? யார் பண்ணணும்? எங்கள் வீட்டுச் சண்டைகளில் பாதி அந்த 'ணும்'மில்தான் ஒளிந்திருந்தது. ஜப்பானிய மொழி படிக்காமல் இருந்திருந்தால் அது என் கண்ணில் பட்டிருக்காது. கணவரைக் கேட்டால் பட்டிருக்கவே வேண்டாம் என்பார்.

இன்னொன்று. ஜப்பானிய மொழியில் கொடுப்பதற்கு இரண்டு சொல். நான் பிறருக்குக் கொடுத்தால் 'அகெரு'. பிறர் எனக்கோ என்னைச் சேர்ந்தவருக்கோ கொடுத்தால் 'குரெரு'. வகுப்பில் எல்லோரும் திணறிய பாடம் இது, நானும் திணறினேன். வருடங்கள் கழித்து, வேறு எதற்கோ தொல்காப்பியம் சொல்லதிகாரத்தைப் புரட்டியபோது கிளவியாக்கத்தில் கண் நின்றது. 'தருசொல் வருசொல் ஆயிரு கிளவியும் தன்மை முன்னிலை ஆயீ ரிடத்த.' எனக்கும் உனக்கும் என்றால் தருதல். படர்க்கையில் உள்ள மூன்றாம் ஆளுக்கு என்றால் கொடுத்தல். எல்லைகள் சற்று வேறு, ஆனால் கோடு ஒன்றுதான். இன்னும் தள்ளிப் போனால் ஈ, தா, கொடு மூன்றையும் இரப்பவர் தாழ்ந்தவரா, ஒத்தவரா, உயர்ந்தவரா என்று பிரிக்கும் சூத்திரங்கள். மேலோருக்குக் கொடுக்க ஒன்று, கீழோருக்குக் கொடுக்க ஒன்று என ஜப்பானிய மொழியும் சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறது. பள்ளியில் இந்தச் சூத்திரங்களை மனப்பாடம் செய்து, எழுதி, மறந்தும் போனவள் நான். அவை வாயில் புழங்கும் மொழியைப் பற்றியவை என்று எனக்கு உறைத்தது அந்தப் பிற்பகலில். 'எனக்குத் தா' என்பது காதுக்கு ஏன் இதமாக இருக்கிறது, 'எனக்குக் கொடு' என்பதில் ஏன் லேசான விறைப்பு இருக்கிறது என்று அதற்கு முன் நான் கேட்டுக்கொண்டதே இல்லை. அயல்மொழி படிக்கப் போய் தமிழ் படித்து வந்த கதை இது. உங்கள் விளம்பரத் தாளில் இதற்கு வரி கிடையாது. அதில் சம்பளமும் விசாவும்தான் இருக்கின்றன. அவற்றை இழிவாகச் சொல்லவில்லை. நானும் சம்பளத்துக்குத்தான் வந்தேன்.

மனம் இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி இயங்குவதில்லை என்பதை ஆய்வாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு பிறகு ஆங்கிலம் கற்றவர்களின் விரல்நுனியில் மின்முனை பொருத்தி, சொற்களைக் காட்டியும் கேட்கவைத்தும் தோலின் மின்கடத்தலைப் பதிவு செய்த ஆய்வு 2003-இல் வெளியானது. சின்ன வயதில் பெரியவர்கள் திட்டும் திட்டுகள் இருக்கின்றனவே, அவை துருக்கியில் வந்தபோது உடம்பு துள்ளியது. அதே திட்டு ஆங்கிலத்தில் வந்தபோது அவ்வளவு இல்லை. 2012-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போவாஸ் கெய்சார் குழுவினர், 'இத்தனை பேர் பிழைப்பார்கள்' என்று கேட்டால் ஒரு முடிவும், 'இத்தனை பேர் இறப்பார்கள்' என்று கேட்டால் வேறு முடிவும் எடுக்கும் மனித இயல்பு, அயல்மொழியில் கேட்கும்போது மட்டுப்படுகிறது என்று காட்டினார்கள்.

எனக்கு இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்தது. அப்பா இறந்து இரண்டாவது வாரம் வேலைக்குத் திரும்பினேன். ஜப்பானியச் சக ஊழியர் ஒருவர் அழைத்து விசாரித்தார். என்ன நோய், எத்தனை நாள், எப்போது என்று மூன்று வாக்கியத்தில் சொன்னேன். குரல் ஒரு இடத்திலும் பிசகவில்லை. சொல்லி முடித்ததும் மார்பில் ஏதோ சற்று இறங்கினாற்போலக்கூட இருந்தது. அன்று மாலை அத்தை தொலைபேசியில், "அப்பா எப்படிம்மா போனாரு?" என்றார். எனக்கு வாய் எழும்பவே இல்லை.

அயல்மொழியில் நின்று பேச ஒரு திண்ணை கிடைக்கிறது. வீட்டுக்குள் எரிவதை வெளியில் உட்கார்ந்து சொல்லலாம். அதற்காகவே அதை நாடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வகுப்புக்கு வருகிறவர்களிலும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். விண்ணப்பப் படிவத்தில் 'கற்கும் நோக்கம்' என்ற கட்டத்தில் அவர் 'வேலைவாய்ப்பு' என்றுதான் எழுதியிருப்பார்.

தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984-இல் தொடங்கியது, 2010 முதல் ஐந்து நிலைகளாக நடக்கிறது. விடைகளில் ஒன்றைத் தேர்ந்து குறிக்கும் தேர்வு. பேசிக் காட்டும் பகுதியோ கட்டுரை எழுதும் பகுதியோ அதில் இல்லை. உலகம் முழுக்க அத்தனை பேருக்கு நடத்துகிறபோது அதற்கு ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் வகுப்பு நடத்துகிறவர்களே, தேர்வில் இல்லாததை வகுப்பிலும் இல்லாமல் ஆக்கியது உங்கள் முடிவு. வாயைத் திறக்காமலே பாதி ஏணி ஏறிய என்னைப் போன்றவர்களைத்தான் மறுநாள் தொலைபேசி முன்னால் உட்கார வைக்கிறார்கள்.

ஐரோப்பிய அவை 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகத்தை நீங்கள் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறீர்கள். ஏ1, பி2 என்று உங்கள் படிவங்களில் அச்சாகிறது. அதற்கு 2020-இல் வந்த துணைத்தொகுதியையும் புரட்டிப் பாருங்கள். இடையில் நின்று ஒருவருக்கு இன்னொருவர் பேச்சை விளக்குவது, தெரிந்த மொழிகள் அனைத்தையும் துணைக்கு அழைப்பது ஆகியவற்றுக்கு அதில் விரிவான அளவுகோல்கள் இருக்கின்றன. நீங்கள் கும்பிடும் நூலே உங்கள் பலகைக்கு எதிராகப் பேசுகிறது.

கற்கிறவரின் தடுமாற்றத்தை நீங்கள் சிவப்பு மையால் மட்டுமே பார்க்கிறீர்கள் என்பதும் எனக்கு உறுத்தல். ஓலையில் எ-யும் ஏ-யும், ஒ-வும் ஓ-வும் குழம்பிக் கிடந்தன. குறிலுக்கு மேல் இடவேண்டிய புள்ளியை ஏட்டில் இடாமலே விட்டுவிடுவார்கள்; இந்த மொழியில் பிறந்தவர்கள் இடம் பார்த்து வாசித்துக்கொண்டார்கள். நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்துத் தெளிவாக்கிய பெருமையை வீரமாமுனிவருக்குத் தருகிறோம். 1680-இல் இத்தாலியில் பிறந்து, வளர்ந்த பிறகு தமிழ் கற்றவர். 1732-இல் சதுரகராதி தொகுத்தவர். அவருக்குத் தமிழ் அயல்மொழி. கால் தடுக்கியவருக்குத்தான் கல் தெரியும். உங்கள் வகுப்பில் 31 வயதுக்காரி ஒருத்தி 'இது மேசை' என்பதைக்கூடத் தப்பாகச் சொல்லி, பக்கத்தில் இருக்கும் கல்லூரிப் பையன் முன்னால் முகம் சிவந்து உட்கார்ந்திருக்கும்போது, அவள் எந்தக் கல்லில் தடுக்கினாள் என்று குனிந்து பாருங்கள். அடுத்த பாடநூலை அதிலிருந்து எழுதலாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்தப் பலகை வேண்டாம். வகுப்பு முழுக்கத் தமிழில் நடத்துங்கள் என்று சொல்லவில்லை; அப்படி நடத்தினால் ஒருவருக்கும் நாக்கு திரும்பாது. புதிய மொழியைக் காதால் கேட்டு, உளறி, திருத்திக்கொள்ளும் நேரத்தை ஒரு நிமிடம்கூடக் குறைக்காதீர்கள். ஆனால் ஒரு வடிவத்தை விளக்க வேண்டி வரும்போது, மூன்றாவது மொழி ஒன்றை நடுவில் நிறுத்தாமல், எதிரே இருப்பவரின் மொழியில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். அதுவும் பெரிய உதவி. பாடநூல்களைத் தமிழின் பக்கமிருந்து எழுத ஆட்களைக் கூப்பிடுங்கள். பதினான்கு வருடமாக நான் சேர்த்த ஓரக் குறிப்புகளை இலவசமாகவே தருகிறேன். கையெழுத்துதான் கொஞ்சம் மோசம்.

சென்ற மாதம் ஒரு வகுப்பில் ஒரு மணி நேரம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். எழுதிப் பார், செய்து வை, மறந்துவிட்டேன் மூன்றையும் கரும்பலகையில் எழுதி, எதிரே ஜப்பானிய வடிவங்களை எழுதினேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கை தூக்கினாள்.

"மேடம், அப்போ 'செஞ்சு தொலை'க்கு என்ன?"

வகுப்பே சிரித்தது. நான் யோசித்தேன். 'யகாரு' என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது செய்தவனை ஏசுவது. நம்முடைய 'தொலை'யில் சொல்கிறவரின் சலிப்பும் இருக்கிறது, விட்டுக்கொடுத்தலும் இருக்கிறது என்றேன். "அப்போ 'தொலை' அவங்ககிட்ட இல்லையா?" என்றாள். சரியாகத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்று இரவே மூன்று ஜப்பானிய நண்பர்களுக்கு எழுதினேன். மூவரும் மூன்று விடை அனுப்பியிருக்கிறார்கள், ஒருவர் சொன்னதை மற்ற இருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் மூன்றையும் எடுத்துக்கொண்டு அந்த வகுப்புக்குப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவி ஒருத்தி